இரண்டு எழுத்தும் ஒரு கோடும்

பழைய கிரேக்க பைபிள் கையெழுத்துப் படிகளின் படங்கள் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. கிரேக்கம் தெரியாவிட்டாலும் ஒரு விஷயம் கண்ணில் படும். இடைவெளியே இல்லாமல் ஓடும் எழுத்துகளுக்கு நடுவே, அங்கங்கே இரண்டு மூன்று எழுத்துகளின் தலையில் மட்டும் ஒரு கோடு.

அவைதான் புனிதப் பெயர்கள். கடவுளைக் குறிக்கும் 'தியோஸ்' என்ற சொல்லில் முதல் எழுத்து தீட்டா, கடைசி எழுத்து சிக்மா. இந்த இரண்டை மட்டும் எழுதி மேலே கோடு போட்டுவிடுவார்கள். ஆண்டவர், இயேசு, கிறிஸ்து எல்லாம் இதே கதைதான். பிறகு ஆவி, தந்தை, சிலுவை என்று சுமார் 15 சொற்கள் சேர்ந்தன. லத்தீன்காரர்களும் இதையே பின்பற்றினார்கள். இன்றும் தேவாலயங்களில் காணும் 'ஐ.எச்.எஸ்.' அப்படி வந்ததுதான். அதிலுள்ள 'எச்' உண்மையில் 'ஏ' என்று ஒலிக்கும் கிரேக்க எழுத்து!

இடம் மிச்சம் பிடிக்கவா? இல்லை. தாராளமாக ஓரம் விட்டு எழுதிய படிகளிலும் சுருக்கம் உண்டு. சாதாரண எசமானனைச் சொல்லும்போது அதே 'கிரியோஸ்' பல இடங்களில் முழுதாக வரும். ஆக, இது மரியாதை. 1907-இல் வெளியான நூலில் லுட்விக் டிராவுபே சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் அந்த மரியாதையே ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. தீட்டா என்பது நடுவில் கோடு போட்ட வட்டம். கோடு இல்லாவிட்டால் அது ஒமிக்ரான். அப்போது 'கடவுள்' போய், 'எவர்' என்று பொருள்படும் 'ஹோஸ்' வந்துவிடும். 1 தீமோத்தேயு 3:16-இல் இதுதான் தகராறு. மனித உடலில் வெளிப்பட்டது 'கடவுள்' என்று எழுதியிருக்கிறதா, 'எவர்' என்றா? நம்மூரில் பலர் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 'தேவன்' என்றே இருக்கிறது.

ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அலெக்சாந்திரினஸ் படியை லண்டனில் ஆராய்ந்த வெட்ஸ்டைன், அந்த நடுக்கோடு தோலின் மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரிவது என்றார். பிற்காலத்தில் யாரோ மை வைத்துத் தீட்டியும் இருந்தார்கள். 1730-இல் பாசல் நகரத் திருச்சபை அவரைப் பணிநீக்கம் செய்தது. அவர்மேல் இருந்த சந்தேகத்துக்கு இந்த மாதிரி ஆராய்ச்சியும் ஒரு காரணம். இன்று பெரும்பாலான அறிஞர்கள் 'எவர்' என்பதையே மூலபாடமாக ஏற்கிறார்கள். சினாய்டிகஸ் படியிலும் முதலில் எழுதியவர் 'ஹோஸ்' என்றுதான் எழுதியிருக்கிறார். பின்னால் வந்தவர் அதைத் திருத்தியிருக்கிறார்.

இதனால் யாருடைய நம்பிக்கையும் கவிழ்ந்துவிடாது. வேறு வசனங்கள் இருக்கின்றன. ஆனாலும், தான் விரும்பிய கோடு அங்கே இல்லை என்று சொல்ல ஒருவருக்கு எவ்வளவு நேர்மை வேண்டும்! எனக்கு அந்தப் பெயரை எழுதியவர்மேல் இருக்கும் மரியாதை, அதை உற்றுப் பார்த்தவர்மேலும் இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?