ஹா கிரீக் ஓடும் ஊர்

அக்கா மகனுக்கு அமெரிக்காவில் கொலம்பஸ் என்ற ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. ஒஹையோ மாநிலத்துப் பெரிய கொலம்பஸ் இல்லை. இது இண்டியானாவில், இண்டியானாபொலிஸிலிருந்து தெற்கே காரில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இருக்கிறது. டீசல் இன்ஜின் செய்யும் கம்மின்ஸ் நிறுவனம் 1919இல் இங்கேதான் தொடங்கியது; தலைமையகம் இன்றும் இங்கேதான். "மாமா, ஊர் எப்படி? வீடு வாங்கலாமா, வாடகைக்கே இருந்துவிடவா?" என்று கேட்டான். கூடவே, வாழச் சிறந்த நூறு ஊர்கள் என்று யாரோ போட்ட பட்டியல் ஒன்றையும் அனுப்பியிருந்தான்.

பட்டியலை ஓரமாக வைக்கச் சொன்னேன். அந்த நாட்டில் அரசு திரட்டும் கணக்குகள் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. மக்கள் வரிப்பணத்தில் எடுத்த கணக்கை மக்களே படித்துத் தீர்மானிப்பதுதான் முறை. ஆனால் சின்ன ஊர்க் கணக்கைப் படிக்கத் தனிப் பக்குவம் வேண்டும்.

2010 சென்சஸில் ஊரில் 44,061 பேர். 2020இல் 50,474. இண்டியானாவின் பல கவுண்டிகள் ஆளை இழந்துகொண்டிருந்த பத்தாண்டில் இந்த ஊருக்கு ஆறாயிரத்து நானூறு பேர் கூடியிருக்கிறார்கள். இன்ஜின் கம்பெனியை நம்பி நம் நாட்டிலிருந்து போன பொறியாளர் குடும்பங்களும் அதில் உண்டு.

வருமானம், வாடகை, படிப்பு, வேலைக்குப் போய்வர ஆகும் நேரம் எல்லாம் சென்சஸ் துறை ஆண்டுதோறும் நடத்தும் அமெரிக்கச் சமூக ஆய்வில் கிடைக்கும். அதில் முழு விவர ஓராண்டு அட்டவணை 65,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களுக்குத்தான். கொலம்பஸ் போன்ற ஊருக்கு ஐந்தாண்டுத் தகவலைச் சேர்த்துத்தான் எண் தருவார்கள். போன வருடம் ஏறிய வாடகை அந்த எண்ணுக்குள் பழைய நான்கு வருடங்களோடு கரைந்து கிடக்கும். அட்டவணையில் மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்டு இன்னொரு எண் நிற்கும். அது பிழை வரம்பு. பெரும்பாலோர் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உதாரணத்துக்கு, ஒரு பேட்டையில் வறுமையில் இருப்போர் நூற்றுக்குப் 12, பிழை வரம்பு 7 என்று இருந்தால், உண்மை 5ஆகவும் இருக்கலாம், 19ஆகவும் இருக்கலாம். அந்த 12ஐ வைத்துக்கொண்டு பக்கத்துப் பேட்டையின் 15ஐவிட இது மேல் என்று சொல்வது நியாயமே இல்லை.

குற்றக் கணக்கில் இந்த ஆட்டம் இன்னும் மோசம். லட்சம் பேருக்கு இத்தனை என்று எழுதும் வழக்கத்தில், ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊரில் நடந்த ஒரே கொலை இரண்டாகிவிடும். அடுத்த வருடம் மூன்று நடந்தால் ஆறு. பட்டியல்காரர்கள் உடனே 'மூன்று மடங்கு' என்று எழுதிவிடுவார்கள். பத்து வருட எண்ணிக்கையைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஊரின் குணம் தெரியும். 2021இல் எஃப்பிஐ கணக்கெடுக்கும் முறையையே மாற்றியது. அந்த வருடம் பல ஊர்க் காவல்துறைகள் தகவலே அனுப்பவில்லை. ஆகவே அந்த வருடத்தை எதனோடு ஒப்பிடுவதானாலும், அந்தந்த ஊர்த் தகவல் வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நோய்த் தடுப்பு மையம் தரும் ஊர்வாரி நீரிழிவு, ரத்த அழுத்த எண்களையும் அவன் ஆர்வமாக எடுத்து அனுப்பினான். அவை அந்த ஊர்க்காரர்களைத் தெருத் தெருவாகக் கேட்டு எண்ணியவை அல்ல. நாடு தழுவிய தொலைபேசி ஆய்வை ஊரின் வயது, இன விவரத்தோடு பொருத்திக் கணித்தவை. பயன் உண்டு, ஆனால் ஊர் தனக்கென்று செய்துகொண்ட நல்லது கெட்டது அதில் முழுதாகத் தெரியாது.

எனக்குப் பிடித்த தரவு ராஜ் செட்டியின் குழு 2018இல் வெளியிட்ட ஆப்பர்ச்சூனிட்டி அட்லஸ். டெல்லியில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்கா போன தமிழ்க் குடும்பத்துப் பொருளியலாளர் அவர். ஏறக்குறைய இரண்டு கோடி அமெரிக்கக் குழந்தைகள் எந்தப் பேட்டையில் வளர்ந்தார்கள், முப்பது வயதைத் தாண்டியபோது என்ன சம்பாதித்தார்கள் என்று, பெயர் நீக்கிய வரிப் பதிவுகளிலிருந்து வரைபடமாக்கினார்கள். நாலாயிரம் பேர் அளவிலான பகுதிவரை இறங்கிப் பார்க்கலாம். பொறியாளர் சம்பளம் புழங்கும் ஊரில் நடுத்தர வருமானம் எப்போதுமே அழகாக இருக்கும். அந்த ஊரில் ஏழை வீட்டில் வளர்ந்த பிள்ளை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கேட்டால்தான் ஊரின் தரம் தெரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த ஊருக்கு நான் ஒரு தடவை போயிருக்கிறேன். ஐ.எம். பெய் வடிவமைத்து 1969இல் திறந்த நூலகத்தின் செங்கல் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் சிற்பி ஹென்றி மூரின் வெண்கல வளைவு, இருபது அடி உயரம், பாசிபடிந்த செம்புப் பாத்திரம் போலப் பச்சை. பையில் புத்தகம் வைத்திருந்த இரண்டு பிள்ளைகள் அதற்குள் புகுந்து புகுந்து ஓடினார்கள்; யாரும் அதட்டவில்லை. எதிரே எலியல் சாரினன் 1942இல் கட்டிய தேவாலயம். கம்மின்ஸை வளர்த்த ஜே. இர்வின் மில்லர், பள்ளி, தீயணைப்பு நிலையம் போன்ற பொதுக் கட்டடங்களுக்கு நல்ல கட்டடக் கலைஞரை அழைத்தால் அவர்களின் கட்டணத்தை கம்மின்ஸ் அறக்கட்டளை தரும் என்று ஏற்பாடு செய்தார். 1957இல் ஹாரி வீஸ் கட்டிய தொடக்கப் பள்ளியோடு அது ஆரம்பித்தது. ராபர்ட் வென்ச்சுரி வடிவமைத்த தீயணைப்பு நிலையம்கூட இங்கே இருக்கிறது. இதையெல்லாம் எண்ணில் அடக்க முடியாது என்பார்கள். கட்டடத்தின் அழகை முடியாதுதான். அது எத்தனை பேருக்குப் பயன்படுகிறது என்பதை முடியும். அமெரிக்கப் பொது நூலகங்களின் திறந்திருந்த மணி, உள்ளே வந்த தலைகள், இரவல் போன புத்தகங்கள் எல்லாம் ஆண்டுதோறும் அரசு ஆய்வில் வெளியாகின்றன. ஊர்ப் பட்டியல் போடுகிறவர்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

ஒரே நிறுவனத்தை நம்பிய ஊர் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு தொழிலில் ஒரே முதலாளி ஓங்கியிருந்தால், அவர் ரகசியம் காக்க அந்தக் கட்டத்தின் எண்ணையே வேலைவாய்ப்புப் புள்ளியியல் துறை மறைத்துவிடுவது உண்டு. அட்டவணையில் எண் இல்லாத கட்டமும் செய்திதான்.

கடைசியாகத் தண்ணீர். டிரிஃப்ட்வுட், ஃப்ளாட்ராக் என்ற இரண்டு ஆறுகள் ஊரை ஒட்டிக் கூடி வொயிட் ஆற்றின் கிழக்குக் கிளையாகின்றன. ஊருக்குள் ஹா கிரீக் என்ற ஓடை. 2008 ஜூன் 7ஆம் தேதி மழை கொட்டி அந்த ஓடை புரண்டது. வட்டார மருத்துவமனையின் அடித்தளத்தில் நீர் புகுந்தது. ஆய்வகமும் மருந்தகமும் இருந்தது அங்கேதான். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளை இரவோடு இரவாக வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். மருத்துவமனை முழுதாகத் திறக்க அக்டோபர் கடைசி ஆயிற்று.

அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் வெள்ள வரைபடத்தில் 'நூறு வருட வெள்ளம்' என்று சொல்லப்படும் பகுதி உண்டு. நூறு வருடத்துக்கு ஒருமுறைதானே என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். முப்பது வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது வெள்ளம் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 26. கால் பங்குக்கு மேல்!

இதை எழுதி அனுப்பிய மறுநாள் வரைபடத்தைப் படம் எடுத்து அனுப்பினான். பார்த்து வைத்திருந்த வீட்டின் மேல் சிவப்புப் புள்ளி. அதற்கும் ஓடையின் வெள்ளப் பகுதிக்கும் நடுவே இரண்டே தெரு. "இந்த ரெண்டு தெருவும் மேடா பள்ளமா மாமா?" என்று கேட்டிருந்தான். மழை பெய்கிற நாளாகப் பார்த்து நடந்து பார்த்துவிட்டுச் சொல் என்று பதில் போட்டிருக்கிறேன்.