பூட்டிய வீட்டுக்குப் புழக்கமே காவல்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும். பழம்பொருள் கடைகளின் வாசலில் பர்மாத் தேக்குத் தூண்களும் செதுக்கிய நிலைக்கதவுகளும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். எங்கோ ஓர் ஊரில் ஒரு வீடு இடிந்த சேதி அது.

செட்டிநாட்டு வீடுகள் தனியார் சொத்து. கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் கிடைக்கும் தொல்லியல் துறைப் பாதுகாப்பு இவற்றுக்குக் கிடையாது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. பெருமைதான், ஆனால் அந்தப் பட்டியல் கடப்பாரையைத் தடுக்காது.

பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தார் கட்டிய வீடுகள் இவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபின் அங்கிருந்து வந்த வரவு அற்றது. வீடோ வழக்கப்படி ஆண் வாரிசுகள் எல்லோருக்கும் பொது. இன்று ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். சென்னையில் சிலர், சிங்கப்பூரில் சிலர். ஓடு மாற்றுவதற்கும் அத்தனை பேரும் ஒப்ப வேண்டும். ஒப்புவதற்குள் மழைநீர் உத்தரத்தில் இறங்கிவிடுகிறது. கடைசியில் விற்பதற்குத்தான் எல்லோரும் ஒப்புகிறார்கள். தேக்கைக் காசாக்கிப் பங்கு போடலாம், முற்றத்தைப் போட முடியாதே!

வேறு வழியும் இருக்கிறது. கானாடுகாத்தானில் விசாலம், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் ஆகிய வீடுகள் இன்று விருந்தினர் தங்கும் விடுதிகள். இந்த மாற்றம் வீட்டின் இயல்புக்கு ஒத்தது என்பேன். கல்யாணத்துக்கு உறவெல்லாம் கூடித் தங்கவும் பந்தியில் உட்காரவும் கட்டிய வீடுகள் அல்லவா? வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் வரிசையாக இருக்கின்றன. கழிப்பறை, குழாய், மின்கம்பி ஆகியவற்றைக் கவனமாகச் சேர்த்தால் போதும். சுவரை உடைத்து உருமாற்ற வேண்டியதில்லை.

கவனம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி, காரை உப்பி உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும். உடைந்த தளக்கல்லுக்கு ஈடு, ஆத்தங்குடியில் இன்றும் கையால் வார்க்கப்படுகிறது. ஒரு வீடு புழக்கத்துக்கு வந்தால் இந்தக் கைகளுக்கும் வேலை வரும்.

எல்லா வீடும் விடுதியாக முடியாது, ஆகவும் வேண்டாம். ஊர் நூலகம் ஆகலாம். கண்டாங்கிச் சேலை நெய்யும் கூடம் ஆகலாம். மழலைப் பள்ளி ஆகலாம். ஆள் நடமாடினால் ஒழுகும் ஓடு அன்றைக்கே கண்ணில் படும். சட்டம் தராத காவலை அந்த நடமாட்டம் தரும்.

பங்காளிகளே, விலை பேசுவதற்கு முன் ஒருமுறை கூடிப் பேசுங்கள். முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வேண்டிய இடத்தை உங்களுக்கென்று எழுதி வைத்துக்கொண்டு, மீதியைக் குத்தகைக்கு விடுங்கள். விற்ற தூணைத் திரும்ப வாங்கலாம். இடித்த வீட்டை வாங்க முடியாது.