ஆம்பிளிபையர் தேடிய வரலாறு

நாஞ்சில் நாட்டாருக்குக் குழாய் ஒலிபெருக்கி புதிதன்று. கோட்டாற்றுச் சவேரியார் கோயில் திருவிழாவாயினும், சுசீந்திரத்து மார்கழித் தேராயினும், தென்னை மரத்தில் கட்டிய குழாயொன்று சில வாட் மின்சாரத்திலேயே தெரு முழுவதற்கும் பாடும். அதைக் கேட்டு வளர்ந்த யாம், எந்த ஆம்பிளிபையரும் எந்த ஸ்பீக்கரையும் பாடச் செய்யும் என்று வெகுகாலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் எமக்கு இரண்டு ட்வீட்டர்களைச் செலவு வைத்தது.

எமது தந்தையார் விட்டுச் சென்ற ஸ்பீக்கர்கள் நாற்புறமும் மூடிய சிறு பெட்டிகள். அவர் காலத்து ஆம்பிளிபையர் பழுதாய்ப் போனமையால், 20 வாட் கருவியொன்றைச் சகாயமாக வாங்கி அவற்றோடு இணைத்தோம். நாகசுரம் ஒருவாறு கேட்டது. தவிலோ தகர டப்பாவைத் தட்டினாற்போலிருந்தது. அவர் இருந்த நாளில் அத்தவில் நெஞ்சில் வந்து இடிக்குமே என்ற ஏக்கத்தால் குமிழை முற்றிலும் திருப்பினோம். சற்று நேரத்தில் நாகசுரத்தின் காரம் மறைந்தது. சக்தி போதாத கருவியை வருத்தினால் ஒலியலையின் உச்சி வெட்டுண்டு போம். அவ்வெட்டில் பிறக்கும் மிகையான உச்சஸ்தாயி ட்வீட்டரின் மெல்லிய கம்பிச் சுருளைச் சுட்டுவிடும். சிறிய கருவி தீங்கு செய்யாது என்றிருந்தது எமது பேதைமையே.

சிறு பெட்டி, ஆழ்ந்த கீழ்ஸ்தாயி, குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒலி ஆகிய மூன்றும் ஒருங்கே கிட்டுவதில்லை. 1954-ல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் மூடிய பெட்டி ஸ்பீக்கரை வெளியிட்டபோது முதலிரண்டையும் பெற்று மூன்றாவதை விட்டுக்கொடுத்தார். எமது ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 84 டெசிபலே தரும். நல்ல குழாய் 105 தரும். மூன்று டெசிபல் கூட வேண்டுமானால் சக்தி இரட்டிக்க வேண்டுமாதலால், குழாய் ஒரு வாட்டில் செய்வதை இவை செய்ய ஏறக்குறைய 126 வாட் வேண்டும்!

வாட் கணக்கோடும் காரியம் முடியவில்லை. பெட்டியின் பின்னே 8 ஓம் என்றெழுதியிருப்பினும், சில ஸ்வரங்களில் அது மூன்று ஓமுக்கு இறங்குகிறது. 20 வோல்ட் கொடுக்கும்போது எட்டு ஓமுக்கு 2.5 ஆம்பியர் போதும். மூன்று ஓமுக்கோ ஏழு ஆம்பியருக்குச் சற்றே குறைவாக வேண்டும். ஆகவே கடைக்காரரிடம், "எத்தனை வாட்?" என்பதோடு நில்லாமல், "நான்கு ஓமில் எத்தனை?" என்றும் கேட்கத் தொடங்கினோம். எட்டில் 70, நான்கில் 75 என்றால், அக்கருவி மூச்சுத் திணறுகிறதென்று பொருள். நான்கில் இரட்டிப்பை நெருங்குவதே நமக்கு உதவும். (தூக்கிப் பார்த்துக் கனமானதை வாங்கு என்பது பழையோர் சூத்திரம். டிரான்ஸ்பார்மர் பெரிதாயிருந்த காலத்தில் அது மெய்யே. இக்காலத்து டி வகுப்புக் கருவிகளோ கைப்பிடியளவில் அச்சக்தியைத் தருகின்றன.)

ஈற்றில் எட்டு ஓமில் 100, நான்கில் 190 வாட் தரும் பழைய கருவியொன்று கிடைத்தது. ட்வீட்டர்களை மாற்றி, அதே கச்சேரியை வைத்தோம். குமிழ் பாதிக்கும் போகவில்லை. தனியாவர்த்தனம் தொடங்கியதும் ஜன்னற் கதவு அதிர்ந்தது. அடுக்களையிலிருந்து வந்த அன்னையார் வாசலிலேயே சிறிது நேரம் நின்றார். பின்பு, "அப்பா இதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் வைப்பார்" என்றார்.