அக்கா கொலுசு ஏன் கறுத்துச்சு?

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கிடந்த பதிவு. இன்னிக்குத் தூசு தட்டிப் போட்டுடறேன். கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் கெமிஸ்ட்ரி. கெமிஸ்ட்ரின்னதும் ஓடிடாதீங்க மக்களே, சமன்பாடு எதுவும் கிடையாது.

எங்க வீடு மணலியில, சின்னசேக்காடு பக்கம். அக்காவுக்கு 1994-ல கல்யாணம், மாப்பிள்ளைக்கு அரக்கோணம். அப்பா கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கிட்டிருந்தார். சீட்டை எடுத்து, மீதிக்குக் கடன் வாங்கி, சீர்ல ஒரு ஜோடி கெட்டிக் கொலுசு வெச்சார். ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கி பீரோவுல பூட்டி வெச்சிருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் எடுத்துப் பார்த்தா, கரி பூசின மாதிரி இருக்கு! அம்மாவும் சித்தியும் விபூதி போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிட்டாங்க.

ஆடிக்கு அக்கா எங்க வீட்டுக்கு வந்து ஒரு மாசம் இருந்துட்டுத் திரும்பிப் போனா. கொலுசு மறுபடி கறுப்பு. அவங்க மாமியார் அப்பாகிட்டயே கேட்டுட்டாங்க, "ஏன் சம்பந்தி, வெள்ளியில எதுனா கலந்துட்டானா கடைக்காரன்?"னு. கடைக்காரன் மேல பழி போட்ட மாதிரி இருந்தாலும், கேள்வி யாருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அப்பா அடுத்த வாரமே கடை பில்லை எடுத்துக்கிட்டு அரக்கோணம் போய்க் காட்டிட்டு வந்தார். அதுக்கப்புறமும் "மணலி வெள்ளி"ங்கிறது அந்த வீட்ல ஒரு குத்தல் பேச்சாவே இருந்துச்சு.

எங்க அம்மா கண்டுபிடிச்ச காரணம் உடம்புச் சூடு. சரி, அக்கா காலுக்குச் சூடு இருக்கலாம். பூஜை ரூம்ல இருந்த குங்குமச் சிமிழுக்கு என்ன சூடு?

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேர்ந்தப்புறம்தான் எனக்கு விளங்குச்சு. காத்துல ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தா, அதுல இருக்கிற கந்தகம் வெள்ளியோட சேர்ந்து மேலாப்புல கறுப்பா சில்வர் சல்ஃபைடு படியும். வெள்ளி சுத்தமா இருந்தாலும் படியும்! அழுகின முட்டை நாத்தம்னு சொல்வோமே, அதேதான். நூறு கோடிப் பங்கு காத்துல சில பங்கு இருந்தாலே மூக்கு பிடிச்சுடும். ரொம்ப அதிகமானா மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது, ஆபத்து அங்கதான்.

எங்க வீட்டுக்கு அது எங்கிருந்து வந்துச்சுன்னு கைகாட்ட என்னால முடியாது. சுத்துப்பட்டுல அவ்வளவு ஃபேக்டரி. போதாததுக்கு நம்ம பக்கிங்ஹாம் கால்வாய் வேற. சாக்கடை தேங்கி நின்னாலும் இதே வாயுதான் கிளம்பும். 2009-ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 88 தொழிற்பேட்டைகளை அளந்து 43 இடத்தை மிக மோசம்னு பட்டியல் போட்டப்ப மணலியும் அதுல இருந்துச்சு. ஊர்க்காரங்க யாரும் ஆச்சரியப்படலை.

சுத்தமான டீசல் விஷயத்துக்கு வரேன். கச்சா எண்ணெய்ல கந்தகம் இயற்கையாவே இருக்கு. 2 சதவீதம் இருக்கிற எண்ணெய்னா டன்னுக்கு 20 கிலோ. அது டீசல்ல தங்கிட்டா வண்டிப் புகையில கந்தக டை ஆக்சைடா வரும். 2005-ல சென்னைக்கு வந்த டீசல்ல டன்னுக்கு 350 கிராம் வரைக்கும் அனுமதி. 2010-ல அது 50 ஆச்சு. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்தப்புறம் நாடு முழுக்க 10 கிராம்தான். நல்ல மாற்றம், சந்தேகமே இல்லை. இதை வெச்சு டி.வி.யில ஒருத்தர் "கந்தகம் ஒழிஞ்சது"ன்னாரு பாருங்க, சிரிச்சுட்டேன்.

அண்ணே, அது எங்கே ஒழியும்? தனிமமாச்சே! ரிஃபைனரியில ஹைட்ரஜனைச் செலுத்தி டீசல்லேர்ந்து கந்தகத்தைப் பிரிக்கிறாங்க. பிரிஞ்சு வர்றது எது? அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு. நகரத்துல லட்சம் சைலன்சர் வழியா வெளியே போக வேண்டியது, சுத்திகரிக்கிற ஊர்ல ஒரே இடத்துல சேருது. மணலியில ரிஃபைனரி ஓட ஆரம்பிச்சது 1969-ல. அண்ணா சாலையில பஸ் புகை குறைய குறைய, இந்த மாதிரி ஊர்ல பிடிச்சு அடக்க வேண்டிய கந்தகம் கூடிக்கிட்டே வரும்.

அடக்க வழி இருக்கு. கிளாஸ் முறைன்னு பேரு, 19-ம் நூற்றாண்டு சரக்கு. வாயுவுல மூணுல ஒரு பங்கை எரிச்சு, மீதியோட வினைபுரிய விட்டா மஞ்சள் கந்தகமும் தண்ணியும் கிடைக்கும். அந்தக் கந்தகம் கந்தக அமிலத்துக்கும் உரத்துக்கும் போகும். சிவகாசிக்கும் கந்தகம் வேணுமே! ஆனா கிளாஸ் மட்டும் இருந்தா 97 சதவீதம் கிட்டத்தான் சிக்கும். தினம் 100 டன் கந்தகம்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க. 3 டன் தப்பிச்சு, புகைபோக்கி வழியா 6 டன் கந்தக டை ஆக்சைடா போகும். மிச்ச வாயுவையும் பிடிக்கிற இன்னொரு யூனிட் சேர்த்தா 99.9 வரைக்கும் போகலாம். 3 டன் 100 கிலோவா ஆயிடும். மணலிக்காரன் மூச்சு இந்தக் கடைசி மூணு சதவீதத்துலதான் இருக்கு.

எண்ணூர்ப் பக்க அனல்மின் நிலையத்துக்கும் இதே கதைதான். நிலக்கரியிலயும் கந்தகம் உண்டு. சுண்ணாம்புக்கல் கரைசலால புகையைக் கழுவினா ஜிப்சமா மாறி சிமென்ட்டுக்குப் போயிடும். 2015 டிசம்பர்ல விதி போட்டாங்க, கெடு ரெண்டு வருஷம். அப்புறம் கெடு நீண்டுச்சு, நீண்டுச்சு, 2025 ஜூலையில நாட்டுல பெரும்பாலான நிலையங்களுக்கு இது வேண்டாம்னே சொல்லிட்டாங்க. பத்து லட்சம் ஜனம் இருக்கிற நகரத்துலேர்ந்து 10 கிலோமீட்டருக்குள்ள இருந்தா 2027 முடியறதுக்குள்ள வெச்சாகணும். மணலியை 2011-ல சென்னை மாநகராட்சியில சேர்த்தப்ப வரி ஏறுச்சுன்னு திட்டினவன் நான். இதுக்காவது அந்தச் சேர்க்கை உதவுதான்னு பார்ப்போம்.

கொலுசு என்னாச்சுன்னு சொல்லலையே. போன பொங்கலுக்கு அரக்கோணம் போயிருந்தேன். அக்கா இன்னும் அதைப் போட்டிருக்கா, வருஷக்கணக்கா விபூதியும் பல்பொடியும் தேய்ச்சுத் தேய்ச்சு மெலிஞ்சு போச்சு. தேய்க்கறப்ப கறுப்போட வெள்ளியும் சேர்ந்துதானே போகுது! ஒரு பாத்திரத்துல அலுமினியத் தாள் விரிச்சு, கொலுசை அது மேல வெச்சு, சமையல் சோடா போட்டு, கொதிக்கற தண்ணியை ஊத்தினேன். இதுல வெள்ளி போகாது, கந்தகம் மட்டும்தான் கழண்டு வரும். கொஞ்ச நேரத்துல கறுப்பு விட்டுப் போச்சு. கூடவே லேசா அந்த முட்டை நாத்தம்.

கூடத்துல படுத்திருந்த மாமியாருக்கு எண்பது வயசு தாண்டிடுச்சு, மூக்கு மட்டும் கூர்மை. "என்னப்பா இது, உங்க ஊர் வாசனை வருது?"ன்னாங்க.

"ஆமா அத்தை, கொலுசுலேர்ந்துதான்"னேன்.

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அக்காவைக் கூப்பிட்டு, அந்த பில்லை உங்கப்பா எங்கே வெச்சிருந்தார்னு கேட்டாங்க.