நல்ல கலுவ

திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் கே.ஜி.கண்டிகை. அங்கே ஏரிக்கரையில் மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவரிடம் தண்ணீரில் தெரிந்த பூவைக் காட்டி, அது என்ன என்று கேட்டேன். "நல்ல கலுவ" என்றார். நல்ல பூதான் என்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு நடந்தேன். நாலைந்து தப்படி போன பிறகுதான் உறைத்தது. அவர் பாராட்டவில்லை, பெயர் சொல்லியிருக்கிறார். தெலுங்கில் 'நல்ல' என்றால் கறுப்பு. கலுவ என்றால் குவளை. ஏரியில் கிடந்தது கருங்குவளை.

இந்தப் பக்கத்தில் பெயர்கள் இப்படித்தான் இரண்டு பாஷைக்கும் நடுவில் நிற்கின்றன. திருத்தணி வட்டம் சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது 1960 ஏப்ரலில். பெரியவர் அதற்கு முன்னால் பிறந்தவர்.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. பல வருஷங்களுக்கு முன், இதைப் போன்ற ஒரு பத்திரிகையில் வெளியான என் கவிதையொன்றில் குவளை இருக்கிறது. இருள், குளம், ஒருத்தியின் கண், குவளை. நண்பர்கள் இருவர் அந்தப் படிமத்தைச் சிலாகித்துக் கடிதம் எழுதினார்கள். அவர்களும் குவளையைப் பார்த்ததில்லை என்று இப்போது விசாரித்ததில் தெரிகிறது. ஆக, மூன்று பேர் சேர்ந்து, பார்க்காத ஒன்றை ரசித்திருக்கிறோம். அதோடு போகவில்லை. என் கவிதையில் குவளை இரவில் மலர்கிறது.

கண்டிகை ஏரியில் அது காலை வெயில் ஏறிய பிறகு விரிந்தது. பிற்பகலில் மூடிக்கொண்டது. இரவில் மலர்வது வேறு, அது ஆம்பல், நாம் அல்லி என்கிற வெள்ளைப் பூ. இரண்டும் ஒரே குளத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒன்று கடையை மூடும்போது மற்றது திறக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்தால் போதும். நான் உட்காரவில்லை. நிகண்டு பார்த்தேன்.

நேரில் பார்த்தபோது முதலில் ஏமாற்றம்தான். கறுப்பு எங்கே? வெளுத்த நீலம், நுனிப்பக்கம் கொஞ்சம் அடர்த்தி. ஆழம் குறைந்த இடத்தில் நின்ற பூக்கள் என் உள்ளங்கையைவிடச் சிறியவை. ஆனால் அருகில் போய், முழங்கால் தண்ணீரில் நின்று மூன்று காலை தொடர்ந்து ஒரே பூவைப் பார்த்தபோது வேறொரு விஷயம் பிடிபட்டது. முதல் நாள் பூவின் நடுவில் ஒரு குழியும் அதில் கொஞ்சம் திரவமும் இருக்கும். அன்று அது பெண். வேறு பூவின் மகரந்தத்தோடு வருகிற தேனீ வழுக்கி அதில் விழும், மகரந்தம் கழுவப்படும். சில பூச்சிகள் அதிலேயே செத்தும் போகும். அடுத்த நாள் குழி வறண்டுவிடும். கேசரங்கள் வெடித்து மகரந்தம் உதிரும். இப்போது அது ஆண். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கடைசியாக ஒருமுறை மூடிக்கொண்டு, தண்டு சுருண்டு, தண்ணீருக்குள் போய்விடுகிறது. காய் முற்றுவது நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். காய் அழுகி வெடித்ததும் விதைகள் மிதந்து மேலே வரும். ஒவ்வொன்றின் மேலும் காற்றடைத்த ஒரு சவ்வு. கொஞ்சநேரம் காற்று தள்ளிய பக்கம் அலைந்துவிட்டுச் சவ்வு கரைந்ததும் மூழ்கும்.

மூழ்கும் இடம் சேறு, அதில் பிராணவாயு கிடையாது. வேரும் கிழங்கும் அங்கே எப்படி மூச்சுவிடுகின்றன என்பது வெகுகாலம் சரியாக விளங்காமல் இருந்தது. அமெரிக்காவில் ஜான் டேசி என்பவர் மஞ்சள் அல்லி இனமொன்றை வைத்து 1980இல் இதற்குப் பதில் எழுதினார். இளம் இலைகளுக்குள் வெயிலின் சூட்டில் காற்றின் அழுத்தம் கூடுகிறது. அந்தக் காற்று தண்டின் குழாய்கள் வழியே அடிக்கிழங்குவரை இறங்கி, முதிர்ந்த இலைகளின் தண்டு வழியாக ஏறி வெளியேறுகிறது. செடிக்குள் பகலெல்லாம் காற்று வீசிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் அல்லித்தண்டை ஒடித்து ஒடித்து மாலை செய்யும்போது அந்தக் குழாய்களை எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இமயமலையில் பனி உருகி வழியும் ஓடைக்கரைச் சதுப்புகளில் கால்த்தா என்றொரு சிறு பூ உண்டு, வெள்ளை இதழ். வருஷத்தில் பல மாதம் அது பனிக்கு அடியில் கிடக்கிறது. அங்கே பனி செய்வதை இங்கே கோடை செய்கிறது. சித்திரையில் ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடிக்கும்போது குவளை என்று சொல்ல மேலே ஒன்றும் மிஞ்சாது. கெட்டியான களிமண்ணுக்குள் சின்னக் கிழங்காகக் கிடக்கும். பஞ்சத்தில் அந்தக் கிழங்கைத் தோண்டித் தின்றிருக்கிறார்கள். ஐப்பசியில் தண்ணீர் வந்தால் எழுந்துவிடும்.

இனி பெயர் விஷயம். தாவரவியலில் இது நிம்பேயா நௌசாலி. கேம்பிள் தொகுத்த சென்னை மாகாணத் தாவர நூலில் ஸ்டெல்லேட்டா என்று இருந்தது. நம் நெய்தல் என்ற பூவும் இதே இனம்தான் என்கிறார்கள் தாவரவியல்காரர்கள். ஆனால் கபிலர் குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் குவளையைத் தனியாகவும் நெய்தலைத் தனியாகவும் சொல்கிறார். நான் இதைக் கபிலரின் பிழை என்று ஒருகாலத்தில் நினைத்தேன், அல்லது ஓசைக்காகச் சேர்த்தது என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. மலைச்சுனையில் நின்றால் குவளை, குறிஞ்சிக்கு உரியது. கழியில் நின்றால் நெய்தல், ஒரு திணைக்கே பெயர். செடியை மட்டும் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் பெயர் வைக்கவில்லை, அது நிற்கும் தண்ணீரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். என் கவிதையில் இருந்த குவளைக்கு எந்தத் தண்ணீரும் இல்லை. 'குளம்' என்ற சொல் மட்டும் இருந்தது.

கண்டிகையிலிருந்து கூப்பிடு தூரம் இல்லை என்றாலும், இந்தப் பிரதேசமே மலைச்சுனைக் குவளையின் பெயரால் ஆனது. திருத்தணி மலைக்கு நீலோற்பலகிரி, காவிமலை என்றெல்லாம் பழம்பெயர்கள். இந்திரன் மலைமேல் ஒரு சுனை உண்டாக்கி, நீலோற்பலம் நட்டு, அந்தப் பூவால் முருகனை வழிபட்டான் என்பது தலக்கதை. கந்தபுராணம் சொல்கிறபடி நாள்தோறும் மூன்று பூக்கள்: காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, இருட்டுகிற நேரத்தில் ஒன்று.

இந்தக் கதையை முன்பு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒன்றும் தோன்றியதில்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் அந்த மூன்றாவது பூ என்னைப் பிடித்து நிறுத்தியது. பொழுது சாயும் முன்பே மூடிவிடும் பூ இருட்டும்போது விரிவதுதான் அங்கே அற்புதம். அதை அற்புதமாகக் கேட்க வேண்டுமானால் கேட்கிறவனுக்குக் குவளையின் நேரம் தெரிந்திருக்க வேண்டும். கதை சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அது தெரிந்திருந்தது. நானும் குவளையை இருட்டில் மலரவைத்தேன், ஆனால் என் வாசகர்களில் ஒருவருக்கும் அது வினோதமாகப் படவில்லை. எங்கள் அறியாமை அவ்வளவு ஒருமித்ததாக இருந்திருக்கிறது.

இந்த விஷயத்தில் எனக்குத் துணை ஒரு தேசமே உண்டு என்பது கொஞ்சம் ஆறுதல். இலங்கை 1986இல் நீல மானெலைத் தேசியப் பூவாக அறிவித்தது, அதுவும் இதே நிம்பேயா நௌசாலிதான். பிறகு, படங்களிலும் குளங்களிலும் அந்தப் பெயரில் பரவலாக உலவியது பளிச்சென்ற ஊதாநிறத்து அயல் இனம் என்று தாவரவியலாளர்கள் காட்டினார்கள். நிஜப் பூ அத்தனை பளிச்சென்று இராது. பளிச்சென்று இருப்பதைத்தான் நாம் நிஜம் என்று எடுத்துக்கொள்கிறோம் போலும். நான் தொகுப்புக்காக அந்தக் கவிதையைத் திருத்திப் பார்த்தேன். 'இரவு' என்பதை எடுத்தால் கண் போகிறது, கண் போனால் கவிதையே இல்லை. தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, தை மாதம், மறுபடி கண்டிகைக்குப் போனேன். ஏரி நிறையத் தண்ணீர். குவளை இல்லை. நடுவில் பொக்லைன் வைத்து ஆழப்படுத்தியிருந்தார்கள், கரையோரச் சரிவும் செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தது. முன்பு கோடையில் வண்டியில் வண்டல் அள்ளிப்போனவர்கள் மேலாக வழித்தார்களே ஒழியச் சரிவு அப்படியே இருந்தது. குவளைக்கு வேண்டியது அந்தச் சரிவுதான்: இடுப்பளவுத் தண்ணீர், அடிவரை இறங்கும் வெளிச்சம், கலையாத சேறு. மிதக்கும் இலைமேல் முட்டையிடும் இலைக்கோழிக்கும் அதுதான் வேண்டும். அந்த இனத்தில் அடைகாப்பது ஆண். அவரையும் காணவில்லை. இப்போது கூடுதல் தண்ணீர் நிற்கிறது, இன்னொரு போகம் பார்க்கலாம் என்று ஊரார் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஒரு பூவுக்காக அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே பெரியவர் இருந்தார். கேட்டேன்.

"ஆழம் ஆயிடுச்சு இல்ல சார். அதுக்குக் கால் எட்டல."

பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு மதகுப்பக்கம் கூட்டிப்போனார். யந்திரம் திரும்ப இடமில்லாத ஒரு மூலை. ஏழெட்டு இலைகள். நடுவில் ஒரே பூ, மூடியிருந்தது. மணி நாலைத் தாண்டிவிட்டது. மூடிய பூவை வெளியிலிருந்து பார்த்து அது முதல்நாள் பூவா மூன்றாம்நாள் பூவா என்று என்னால் சொல்ல முடியவில்லை. திருத்தணிக்குத் திரும்பி அடிவாரத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன்.