வால் எண்ணைத் தொடாதே

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், உரக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே ஒரு பழைய ஃபோட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. முகப்புக் கண்ணாடிக்குள் செஞ்சியின் ராஜகிரிக் கோட்டையின் பெரிய படம். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு, அந்தப் படத்தை விலை கேட்பவர்கள் கூடியிருக்கிறார்களாம். நான் போனது வேறு காரியமாக. சுற்றுவட்டத்துக் கிராமங்களில் விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களின் வீட்டுப் படங்கள் இங்கேதான் சீராகின்றன என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கடைக்காரருக்கு அறுபது தாண்டிவிட்டது. கை நடுக்கமில்லை. நெகட்டிவ் காலத்தில் பென்சில் டச்சப் கற்றவர். கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் கரும்புள்ளி இருந்தால் நெகட்டிவ்வில் அந்த இடம் வெளுத்துத் தெரியும். ஊசிபோல் சீவிய பென்சிலால் அங்கே கருமை ஏற்றினால் பிரிண்ட்டில் புள்ளி மறைந்துவிடும். “அப்போ எல்லாரையும் அழகாக்குறதுதான் சார் வேலை. இது அப்படி இல்ல. இதுல அழகாக்குனா கெட்டுப்போச்சு” என்றார்.

அன்று மேசையில் கிடந்தது மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கொண்டுவந்த குழுப்படம். சட்டத்தின் ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. ஈரம் பட்டுப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சிறிய ஜெட் விமானம் ஒன்றின் முன்னால் மேலங்கி போட்ட ஆட்கள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். இடமிருந்து மூன்றாவது ஆள் அந்த விவசாயியின் அப்பா, எஞ்சின் ஃபிட்டர்.

ஆட்களின் தோளுயரத்துக்குத்தான் இறக்கை இருக்கிறது. அதை வைத்தே நாட் விமானம் என்று சொல்லிவிட்டார் கடைக்காரர். அதன் இறக்கை விரிவு ஏழு மீட்டருக்கும் குறைவு. பிரிட்டனில் வடிவமைத்து, பெங்களூர் எச்.ஏ.எல். ஆலையில் இங்கேயே கட்டியது. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்துப் பேர் வாங்கியது.

ஒட்டிய படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்க அவர் முயலவில்லை. இழுத்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, கண்ணாடியோடு சேர்த்தே முதலில் படமெடுத்துக்கொண்டார். பிறகு என்ன ஆனாலும் ஒரு பிரதி கையில் இருக்கும் என்பது கணக்கு.

அடுத்த வேலை கம்ப்யூட்டரில் இருக்கும் பெண்ணுடையது. டிப்ளமா முடித்துவிட்டு வந்தவர். பிரிண்ட் போடும்போது சரியாகக் கழுவாமல் விட்ட ஹைப்போ ரசாயனம், ஆண்டுகள் போகப்போக மஞ்சள் கறையாகத் தலைகாட்டும். ஸ்கேன் செய்த படத்தை சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து, சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டார். மஞ்சள் கறை அநேகமாகக் காணாமல் போயிற்று. கண்முன்னே நடந்தும் எனக்கு வித்தையாகத்தான் இருந்தது.

இன்னொரு படத்தில், டகோட்டா விமானம் ஒன்றின் முதுகிலிருந்து வால்வரை மெல்லிய கோடு ஓடியது. அதை அந்தப் பெண் அழிக்கத் தொடங்க, பின்னாலிருந்து கடைக்காரரின் குரல் வந்தது.

“அதத் தொடாதம்மா. கீறல் இல்ல, வயர்லெஸ் கம்பி.”

“ஒரே நேரா இருக்கே அண்ணா, மடிப்புன்னு நெனச்சேன்.”

“மடிப்புன்னா வானத்துலயும் ஓடும். இது வால்ல போய் நிக்குது பாரு.”

கீறல் எது, கம்பி எது, தகடுகள் சேரும் கோடு எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி. 1947 அக்டோபர் 27-இல் ஸ்ரீநகருக்குப் படையினரை இறக்கியவை இந்த வகை டகோட்டாக்கள்தான். அந்த ரகத்தின் படத்தில் கம்பியை அழித்தால் பார்ப்பவருக்குத் தெரியாது, தெரிந்தவருக்குப் பொய்.

வாடிக்கையாளர்கள் கேட்பது பெரும்பாலும் கலர். கைபேசிச் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அப்படி வந்த ஒரு படத்தில் இறக்கையிலிருந்த வட்டச் சின்னத்துக்குச் செயலி சிவப்பும் நீலமும் பூசியிருந்தது. அது ஆங்கிலேய விமானப்படையின் சின்னம். நம்முடையது 1950 முதல் வெளியே காவி, இடையில் வெள்ளை, நடுவில் பச்சை. அதற்கும் முன்னே, பர்மாப் போரின்போது, ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பிவிடக் கூடாது என்று சிவப்பையே எடுத்துவிட்டு நீலத்தில் மட்டும் எழுதினார்கள். ஆக, அந்த வட்டம் படத்தின் வயதையும் சொல்லும். கண்டபடி கலர் பூசினால் வயதே மாறிப்போகும்.

வாலில் இருக்கும் எண் அதைவிட முக்கியம். ஒரு விமானம் எந்த ஸ்குவாட்ரனில் இருந்தது, கடைசியில் என்ன ஆயிற்று என்று தேடுகிறவர்கள் அந்த எண்ணைப் பிடித்துத்தான் போவார்கள். மங்கிய எண்ணைச் செயலி தானாக நிரப்பும்போது 3 சில நேரம் 8 ஆகிவிடுகிறது. இந்தக் கடையில் வாசிக்க முடியாத எண் வாசிக்க முடியாததாகவே இருக்கும்.

தாளும் பேசும். 1960-இல் தொடங்கிய ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1967-இல் உற்பத்திக்கு வந்தது. ‘இந்து’ என்ற பெயரில் அது விற்ற தாளைக் கடைக்காரர் தொட்டே சொல்கிறார். அந்தத் தாளில் அச்சான படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த ஆலையும் இப்போது மூடிக்கிடக்கிறது.

வருமானம் என்று பார்த்தால் இது கட்டுப்படியாகாத தொழில். ஒரு படத்துக்கு அரை நாள் உட்கார்ந்தால், அந்த நேரத்தில் வரும் பாஸ்போர்ட் சைஸ் ஆட்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். கல்யாண ஆல்பம்தான் வாடகை கட்டுகிறது.

தில்லியின் பாலம் பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தை நான் பார்த்திருக்கிறேன். 1932-இல் தொடங்கிய படையின் முதல் ரகமான வாபிட்டி, லைசாண்டர், ஸ்பிட்ஃபயர், வாம்பயர், நாட் என்று விமானங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றின் எண்ணெய்க் கறையைத் துடைத்து, எஞ்சினை இறக்கி ஏற்றிய ஃபிட்டர்களின் முகங்கள் இருப்பது இந்த மாதிரிக் கிராமத்து வீட்டுச் சுவர்களில்தான். செஞ்சி மலைமேல் இருக்கும் கல்லுக்குத் தொல்லியல் துறை காவல் இருக்கிறது. சுவரில் இருக்கும் தாளுக்கு வீட்டுக்காரரைத் தவிர நாதியில்லை.

கிளம்பும்போது, எழுதுவதானால் இதை எழுதுங்கள் என்று கடைக்காரர் சொன்னவற்றை அப்படியே தருகிறேன். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள். ஈரச் சுவரில் மாட்டாதீர்கள். புதுப் பிரிண்ட் வந்துவிட்டது என்று பழையதைத் தூக்கி எறியாதீர்கள். வீட்டில் பெரியவர் இருக்கும்போதே, யார் யார் நிற்கிறார்கள், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டுப் படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதிவையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். கிழிந்ததை அவர் சீராக்கித் தருவார். பெயர் தெரியாத முகத்துக்கு அவராலும் பெயர் தர முடியாது.