ஸ்டூலுக்கு எதிரே நின்ற கேமரா

"வீட்டு யூஸ் மட்டும்தான் சார்" என்று சொல்லாமல் யாரும் பழைய கேமராவை விற்பதில்லை. புதுச்சேரியின் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி தன்னுடைய நிக்கான் டி7000-க்கு ஆள் தேடியபோது அவரும் அதையேதான் சொன்னார். பாடி மட்டும், லென்ஸ் கிடையாது. கேட்ட விலை பரவாயில்லை. ஆனால் அது 2010-இல் வந்த மாடல். இத்தனை வருஷமாக யார் கையில் இருந்தது, எதை எடுத்தது என்று தெரியாமல் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

டிஎஸ்எல்ஆரில் ஷட்டர் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் கேமரா ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும். பைக்கின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரிதான், முகப்பில் தெரியாது, அவ்வளவுதான். நிக்கான் அந்த எண்ணைப் படத்துக்குள்ளேயே, எக்ஸிஃப் என்கிற குறிப்புகளோடு சேர்த்து எழுதிவிடும். கேனானில் பெரும்பாலான மாடல்கள் அப்படி எழுதுவதில்லை. கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்தால்தான் வாயைத் திறக்கும். ஃபைல் பெயரில் இருக்கிற நான்கு இலக்கத்தை மட்டும் நம்பவே கூடாது. 9999 தாண்டியதும் அது மறுபடி 0001-க்கு வந்துவிடும்.

தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைத் திறந்தால் ஒரு குறிப்பும் இல்லை. படத்தைச் சுருக்கும்போது வாட்ஸ்அப் இதையெல்லாம் துடைத்துவிடும். "புதுசா ஒரு படம் எடுங்க தம்பி, கார்டை ரீடர்ல போட்டு டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்றேன். அனுப்பினார். ஃபில் ஹார்வி என்கிற கனடாக்காரர் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் எக்ஸிஃப்டூலில் அதைப் போட்டதும் பட்டியல் நீளமாக ஓடியது. ஷட்டர் கவுண்ட்: 88 ஆயிரத்துச் சொச்சம்.

இந்த மாடலின் ஷட்டரை 1,50,000 முறை இயக்கிச் சோதித்ததாக நிக்கான் சொல்லியிருக்கிறது. மருந்து அட்டையில் போடும் காலாவதித் தேதி இல்லை அது. அதற்கு முன்னாலேயே போனதும் உண்டு, அதைத் தாண்டி ஓடுவதும் உண்டு. என்னை உறுத்தியது வேறு. குடும்பத்தோடு கொடைக்கானல் போய்வருகிறவர் 88 ஆயிரம் படம் எடுக்க மாட்டார். கல்யாண ஸ்டுடியோ என்றால், முதல் நாள் ரிசப்ஷனோடு சேர்த்து ஒரு முகூர்த்தத்துக்கு 2,000 படம் சாதாரணம். 44 கல்யாணம்! இரண்டு தை, இரண்டு வைகாசி போதும். கல்யாணக் கேமரா என்றால் வியர்வை, அட்சதை, பந்தி இடிபாடு எல்லாம் பட்டிருக்கும்.

அதே பட்டியலில் கமென்ட் என்ற வரியில் ஒரு ஸ்டுடியோவின் பெயர் இருந்தது. கேமரா மெனுவில் ஒருமுறை எழுதி வைத்தால் எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் அது ஏறும். விற்றவரும் அழிக்கவில்லை, வாங்கியவரும் பார்க்கவில்லை. வீட்டு யூஸ் கதை அங்கேயே முடிந்தது.

நேரில் போனேன். பிப்டிக் தொழிற்பேட்டை இருக்கிற சேதராப்பட்டைச் சுற்றி நாலு அடி வைத்தால் தமிழ்நாடு வந்துவிடும். ஷிஃப்ட் விடுகிற நேரம், டீக்கடையில் உட்கார்ந்து கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். மேலே ஃப்ளாஷ் மாட்டும் தண்டவாளத்தில் கறுப்புப் பெயின்ட் போய் உலோகம் பளபளத்தது. ஆனால் அடியில் ட்ரைபாட் திருகும் ஓட்டையைச் சுற்றி ஒரு கீறல் இல்லை. பின்பக்கம் கட்டைவிரல் படும் ரப்பர் உப்பிக் கழன்றிருந்தது. அடியில் மேட் இன் தாய்லாந்து. அயுத்தயாவில் நிக்கானின் ஆலை இருப்பதும் ஒரு தொழிற்பேட்டையில்தான். 2011 அக்டோபர் வெள்ளத்தில் மூழ்கி மாதக்கணக்கில் உற்பத்தி நின்ற இடம்.

மோட் டயலில் யூ1, யூ2 என்று இரண்டு இடம் உண்டு. பிடித்த செட்டிங்கைச் சேமித்து வைக்க. சாதாரண ரீசெட் போட்டால் இவை போகாது. யூ2-க்குத் திருப்பினேன்: ஐஎஸ்ஓ 100, 1/125, எஃப் 8. இந்த செட்டிங்கில் மண்டபத்து மேடையை எடுத்தால் படம் இருட்டடிக்கும். இது ஸ்டுடியோ லைட்டுக்கானது. பெயின்ட் தேய்ந்தது கல்யாண ஃப்ளாஷால் அல்ல, லைட்டை வெடிக்க வைக்கும் ட்ரிக்கரால்.

கமென்ட்டில் பெயர் இருந்த அந்த ஸ்டுடியோவைத் தேடிப் போனேன். அது இருந்த கடையில் இப்போது மொபைல் ரீசார்ஜ். பழைய ஓனர் பக்கத்துத் தெருவில்தான் இருந்தார். கேமராவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "கல்யாணத்துக்கு வேற கேமரா வச்சிருந்தேன் சார். இது ஸ்டூலுக்கு எதிர்லயே நின்னுது. பாஸ்போர்ட் சைஸ் மட்டும்தான்." கம்பெனிகளுக்கு வரும் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு கேட் பாஸ், ஈஎஸ்ஐ, பேங்க் அக்கவுண்ட் என்று எல்லாவற்றுக்கும் போட்டோ வேண்டும். ஆளுக்கு மூன்று கிளிக், ஒன்றில் கண்ணை மூடியிருப்பார் என்பதற்காக. அப்படியானால் ஏறக்குறைய 30 ஆயிரம் முகம். ஆதார் மையத்திலும் பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலும் அவர்களே படம் பிடித்துக்கொள்ள, மிச்சத்தை செல்போன் தின்ன, கடையை மூடிவிட்டார்.

என்னைக் கேட்டால், நிழலில், தூசி இல்லாமல், ஒரே வெளிச்சத்தில் எடுத்த 88 ஆயிரம், கடற்காற்று படும் வீட்டுப் பீரோவில் பூஞ்சை பிடித்துக் கிடந்த 5 ஆயிரத்தைவிட மேல். ஷோரூம் டிஸ்ப்ளே பீஸும் இப்படித்தான். கவுண்ட் சில ஆயிரம்தான் காட்டும். நாள் முழுக்க லைவ் வியூ ஓடியதும், வருகிறவர் போகிறவர் எல்லாம் டயலைத் திருகியதும் எந்தக் கணக்கிலும் வராது. அதில் திருட்டுக்குப் பயந்து கட்டிய கேபிளின் பசையைத்தான் அடியில் தேட வேண்டும். சில புதுக் கேமராக்களில் இந்தக் கணக்குக்கே அர்த்தமில்லை: 2021-இல் வந்த நிக்கான் இசட்9-இல் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லை. தேய்கிறதற்கு அங்கே திரை கிடையாது.

திரும்பி வந்து தம்பியிடம் கவுண்டைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. ஓனர் சொன்ன "வீட்ல சும்மாதான் இருந்துது" என்பதை வீட்டு யூஸ் என்று அவரும் நம்பித்தான் வாங்கியிருக்கிறார். "அப்ப இது ரொம்ப நாள் ஓடாதா சார்?" என்றார். ஓடும் என்றேன். இரண்டு படம் எடுத்துப் பார்த்தேன், எண் ஒவ்வொன்றாகத்தான் ஏறியது. கவுண்டுக்காக நான் விலை குறைக்கச் சொல்லவில்லை. கழன்ற ரப்பருக்கு மட்டும் 500 ரூபாய் கழித்துக்கொண்டோம்.